குருவி ஓட்டற பாட்டு

சித்தெ தள்ளி உக்காருங்க, அந்த ஃபேன் காத்து எனக்கு ஆகாது. உள்ளார யாரு, உங்க மாமனாரா? வயசானவங்கன்னா கொஞ்சம் நாளாகும். பேச்சு வரும், பயப்படாதீங்க. எங்கூட்டுக்காரருக்கும் பேச்சு சுத்தமாப் போயிருந்துச்சு. இப்பப் பாடறாரு. கேக்குதுங்களா? அந்தக் கதவுக்கு அக்கட்டால. கரகரன்னு கேக்கறது அவரு கொரலு. கூடப் பாடற பொம்பளக் கொரலு யாருதுன்னு கேக்காதீங்க. நீங்க கேக்காட்டியும் நானே சொல்லிருவேன்.

இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க போறவங்க எல்லாரும் என் கையப் புடிச்சு, நீங்க புண்ணியம் பண்ணியிருக்கீங்கம்மாங்கறாங்க. நர்சுப் புள்ளைங்க செல்போன்ல படம் புடிக்குதுங்க. என் வயித்தெரிச்சல் யாருக்குத் தெரியும் சொல்லுங்க. நீங்க வெளியூரு மாதிரித் தெரியுது, அதனால சொல்றேன்.

போன ஆடி மாசம் காலம்பற பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சாரு. வலது கை, வலது காலு, பேச்சு, மூணும் போச்சு. நெனவு நல்லா இருக்குது. நாம சொல்றது அத்தனையும் புரியுது. சொல்லு மட்டும் வரல. வாயத் தொறந்தா 'தா தா'ங்கறாரு. தண்ணிக்கும் தா தா, எனக்கும் தா தா. பஞ்சு பேக்டரி மொதலாளிங்க அவரு. லோகநாதன்னு சொன்னா திருப்பூரு வரைக்கும் தெரியும். அந்த மனுசன் கொழந்தையாட்டம் தா தாங்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்?

பேச்சுப் பயிற்சி குடுக்குதே கண்ணாடி போட்ட பொண்ணு, பிந்து, அதுதான் சொல்லுச்சு. பேச்சு இருக்கற எடம் வேற, பாட்டு இருக்கற எடம் வேறயாம் மூளையில. பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு மிஞ்சியிருக்குமாம். "சாருக்கு எந்தப் பாட்டும்மா புடிக்கும்?"னு கேட்டுச்சு. நான் சிரிச்சுட்டேன். "அவருக்குப் பாட்டே ஆகாதும்மா. எங்க ஊட்டுல ரேடியோ நியூஸ் கேக்க மட்டுந்தான்"னேன்.

நெசந்தானுங்க. நான் பாட்டுக் கத்துக்கிட்டவ. பொள்ளாச்சியில எங்கப்பா ஊட்டுக்கே வாத்தியாரு வந்து சொல்லித் தருவாரு. கல்யாணமான புதுசுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே என்னமோ பாடிட்டு இருந்தேன். இவரு சாப்புட்டுட்டு இருந்தவரு, தட்டுலயே கைகழுவிட்டு வெளிய போயிட்டாரு. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. மாமியார்தான் என்னைய உக்கார வெச்சுச் சொன்னாங்க. "அம்மிணி, இந்த ஊட்டுல பாட்டுக்கூத்தெல்லாம் வேண்டாம். அவனுக்கு ஆகாது"ன்னு. எவ்வளவு நயமாச் சொன்னாங்க பாருங்க. வேற மாமியாரா இருந்தாக் கத்தியிருப்பாங்க. அன்னிக்கு நிறுத்துனதுதான். கொழந்தைங்களைக்கூட நான் தாலாட்டு இல்லாமத்தான் தூங்க வெச்சேன். தட்டித் தட்டியே தூங்க வெச்சேன்.

அந்தப் பொண்ணு சினிமாப் பாட்டுப் போட்டுப் பாத்துச்சு, முருகன் பாட்டுப் போட்டுப் பாத்துச்சு. இவரு செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. நான்தான் சொன்னனே, ஆகாதுன்னு.

அப்பத்தான் அவ வந்தா.

எங்க பேக்டரிக்கு லோடு கொண்டார்ற லாரிக்காரன் எவனோ போய்ச் சொல்லியிருக்கான், மொதலாளி படுத்துட்டாருன்னு. ஒரு நாள் காலைல கேட்டுக்கு வெளிய ஒரு பொம்பள நிக்கறா. வெளுத்துப்போன நூல் சேலை. கையில வயர்கூடை, அதுல முருங்கக்காயும் தட்டப்பயிரும். கொல்லையில பறிச்சாளாம். தோலெல்லாம் கருத்துச் சுருங்கி, நார் மாதிரி இருந்தா.

"யாரு வேணும்?"

"செல்லமுத்தப் பாக்கோணுங்க."

"அப்படி இங்க யாரும் இல்ல."

"இருக்கறான் அம்மிணி. நான் அவனுக்கு அக்கா, வேலாத்தா. நீங்க என்னயப் பாத்திருக்க மாட்டீங்க. நான் உங்களப் பாத்திருக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவரு சுவீகாரம் வந்தவருங்கறதும், லோகநாதன்ங்கறது இங்க வந்து வெச்ச பேருங்கறதும் எனக்குத் தெரியும். காங்கயத்துக்கு அக்கட்டால ஏதோ ஊருல தூரத்துப் பங்காளி ஊட்டுல எடுத்தாங்க. ஆனா பெத்தவங்க கூடப்பொறந்தவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்கன்னுதான் மாமியார் சொன்னாங்க. இவரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லல.

வாட்ச்மேன விட்டு அனுப்பிச்சுட்டேன். யாரு எவருன்னு தெரியாம உள்ள விட முடியுங்களா? அவ போகல. எதுத்தாப்பல டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட உக்காந்துக்கிட்டா. பொழுதோட எந்திரிச்சுப் போனா. மக்கா நாளு மறுபடியும் வந்து அதே எடத்துல உக்காந்தா. இவர மாடி வராண்டாவுல வெயிலுக்காக சக்கர நாற்காலியில வெச்சிருந்தோம். பாத்துட்டாரு. நல்லா இருக்கற கையில நாற்காலிக் கட்டையப் போட்டு அடிக்கறாரு. தா தா தா தான்னு ஊரே கேக்கற மாதிரிக் கத்தறாரு. அப்பறம் என்ன பண்றது, வரச் சொன்னேன். பின்வாசல் வழியாத்தான் வரச் சொன்னேன், முன்ஹால் அப்பத்தான் தொடச்சு விட்டிருந்துச்சு.

வந்தவ ஒண்ணும் அழுகல. அவரு காலுக்குக் கீழ தரையில உக்காந்தா. செத்துப் போன அந்த வலது கைய எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. அப்பறம் பாடுனா. ஒசத்தியில்ல, மெதுவாத்தான்.

ஓடு குருவி ஓடு குருவி
ஒத்தக் கதிர விட்டு ஓடு...

பாடிட்டு நிறுத்துனா. இவரு வாய் கோணிக்கிட்டே அசைஞ்சுது. நான் கேழ்வரகுக் கஞ்சிய எடுத்துட்டு கதவு நிலைகிட்ட நிக்கறேன். இவரு பாடறாருங்க.

நாளைக்கு வா நாளைக்கு வா
நாங்க உண்ட மிச்சம் தாறேன்...

ஒரு சொல்லு கொழறல. அத்தன சொல்லும் சுத்தமா வந்துச்சு. வாய் போனதுக்கப்பறம் அந்த மனுசன் சொன்ன மொதச் சொல்லு அதுதான். நாளைக்கு வா. என்னையில்ல. பெத்த புள்ளைங்கள இல்ல. குருவியக் கூப்புட்டாரு.

கஞ்சி டம்ளர அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். எனக்குச் சந்தோசமா இருந்திருக்கணும்னு நீங்க நெனைப்பீங்க. பிந்துவும் அப்படித்தான் நெனச்சுச்சு. போன்ல சொன்னதும் அழுதே போட்டுது. எனக்கு அன்னிக்குப் பூராவும் கோவந்தானுங்க.

வேலாத்தா சொல்லித்தான் எல்லாம் தெரிஞ்சுது. சோளக்காட்டுல குருவி ஓட்டறதுக்கு இவங்க ரெண்டு பேத்தையும் பரண் மேல ஏத்தி உட்ருவாங்களாம். பொழுதன்னிக்கும் பாடணுமாம், நிறுத்துனா குருவி எறங்கிருமாம். இவ மொத அடி, இவரு ரெண்டாவது அடி. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே இவருக்குப் பாட்டு வந்துச்சாம். இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் பாடுவாளாம். அப்பறம் மழ இல்லாம கெணறு வத்திப் போச்சு, அப்பன் செத்தான். எங்க மாமனாரு காருல போய்ப் பையனக் கூட்டிட்டு வந்தாரு. இனி அந்தப் பக்கத்துச் சொந்தம், ஒறம்பரை யாரும் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு பேச்சு. அது ஞாயந்தானுங்களே. வளக்கறவங்க மனசு என்ன பாடு படும்?

ஆனா அவ இன்னொண்ணு சொன்னா. புதுசா வந்த ஊட்டுல புள்ள பாடிட்டே இருந்துச்சாம். சோறு திங்கறப்ப, குளிக்கறப்ப, எப்பவும். எங்க மாமியார் ஒவ்வொரு தடவையும் தொடையில கிள்ளுவாங்களாம். பட்டிக்காட்டுப் பாட்டு இங்க பாடப்படாதுன்னு. தோல் கன்னிப் போற வரைக்கும் கிள்ளுவாங்களாம். அங்க வேல பாத்த ஒருத்தி ஊருல வந்து சொன்னாளாம்.

நான் நம்பலீங்க. எங்க மாமியார் அப்படிப்பட்டவங்க இல்ல. கோயில் கமிட்டியில இருந்தவங்க. என்னையவே ஒரு நாள் கைநீட்டி அடிச்சதில்ல. பாடாதன்னு சொன்னாங்க, அதுவும் நயமாத்தான் சொன்னாங்க. இவ என்ன வேணாலும் சொல்லுவா, கேக்கறதுக்குச் செத்தவங்க எந்திரிச்சா வரப்போறாங்க?

தெனமும் வர ஆரம்பிச்சா. மொத பஸ்ஸுக்கு வந்துட்டு கடைசி பஸ்ஸுக்குப் போவா. சாப்பாட்டுக்கு நான் ஒண்ணும் கொறை வெக்கல, பின்கட்டுல எலை போட்டு வெச்சிருவேன். அவளுக்கும் மேஜை நாற்காலியெல்லாம் பழக்கமில்ல பாருங்க. பிந்து வந்து பாத்துட்டு, "அம்மா, இவங்கதான் சாருக்கு மருந்து"ன்னுது. அந்தக் குருவிப் பாட்டு மெட்டுலயே பேச்ச வெச்சுக் குடுக்கச் சொல்லுச்சு. 'ஓடு குருவி' வர்ற எடத்துல 'தண்ணி வேணும்'. 'நாளைக்கு வா'ங்கற எடத்துல 'காலு வலி'. அவ பாட, இவரு பாட, கொஞ்சங்கொஞ்சமா வந்துச்சு. ஒரு நாள் நான் வெச்ச ரசத்தக் குடிச்சுட்டு 'உப்பு இல்ல உப்பு இல்ல'ன்னு அதே மெட்டுல பாடறாரு. அவ வாய்விட்டுச் சிரிக்கறா. இவரும் சிரிக்கறாரு. பாதி மூஞ்சிதான் சிரிக்குது, ஆனா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. ரெண்டு கெழங்களும் பரண் மேல உக்காந்துட்டு இருக்கற மாதிரி இருந்துச்சு. அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்லீங்க. மக பொறந்தப்பக் கூட அவரு அப்படிச் சிரிக்கல.

ஒரு நாள் கேட்டே போட்டேன். "என்னையப் பாத்திருக்கறேன்னீங்களே, எப்பப் பாத்தீங்க?"

"உங்க கண்ணாலத்துல அம்மிணி."

கல்யாணத்துக்கு வந்திருக்கா. கூப்புடாமத்தான். பந்தியில கடைசி எலையில உக்காந்து சாப்புட்டிருக்கா. எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சிதான் இணைச்சீர் செய்யணும். சீர்க்கூடைய எடுத்துட்டு வந்து பக்கத்துல நிக்கணும். அது இல்லாமத் தாலி கட்ட முடியாது. இவருக்கு மாமனாரோட தம்பி மக நின்னா, பட்டுச் சேலையும் ஒட்டியாணமுமா. அந்த நேரத்துல இவரு மணையில இருந்து சட்டுனு எந்திரிச்சுட்டாருங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கூட்டத்துக்குள்ள எதையோ பாத்தாரு. மாமியார் தோள்ல கைய வெச்சு அமுத்தி உக்கார வெச்சாங்க. நான் இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன், என்னையப் புடிக்காமத்தான் எந்திரிச்சாருன்னு.

அப்ப இவருக்குத் தெரியும். அக்கா உசுரோட இருக்கறது தெரியும். பாட்டும் தெரியும். என்கூட ஒரே பாயில படுத்து, ரெண்டு புள்ளையப் பெத்து, எல்லாம் உள்ளாரயே வெச்சிருந்தாரு. நான் பாட்டுன்னா ஆகாத மனுசன்னு நெனச்சு வாயக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கேன். எவ பொறுப்பா, சொல்லுங்க.

கார்த்திகையில என் மக ஊட்டுச் சம்பந்தி வந்தாங்க பாக்கறதுக்கு, கூட நாலஞ்சு பெரிய மனுசங்க. ஹால்ல காப்பி குடுத்துட்டு இருக்கேன். உள்ளாரயிருந்து இவரு சத்தமாப் பாடறாரு, அக்காளத் தேடி. ஓடு குருவி ஓடு குருவி. சம்பந்தியம்மா வாயில சேலத் தலப்ப வெச்சுட்டுச் சிரிச்சாங்க. "அண்ணா எந்தக் காட்டுல கத்துக்கிட்டாரு?"ன்னாங்க. அவ பின்கட்டுலயிருந்து கையத் தொடச்சுக்கிட்டே வந்து, அத்தன பேரு நடுவுல பூந்து போறா, ரெண்டாவது அடியப் பாடிக்கிட்டே.

அவங்க போனதும் சொல்லிட்டேன். "நீங்க வந்தது போதும். இனி வராதீங்க."

அவ என்னைய ஒரு பார்வ பாத்தா. "அவன் கேப்பானே அம்மிணி"ன்னா. வயர்கூடைய எடுத்துட்டுப் போயிட்டா.

அன்னியிலயிருந்து இவரு வாயத் தொறக்கலீங்க. பாட்டும் இல்ல, தா தாவும் இல்ல. கஞ்சி குடுத்தா வாயோரமா வழிய விட்டுட்டாரு. இங்க கூட்டிட்டு வந்தா, பிந்து சொல்ற எதுக்கும் அசையல. "அந்தம்மா எங்க?"ன்னு என்கிட்ட கேட்டுச்சு. ஒடம்பு சரியில்லைன்னு சொன்னேன். அது கண்ணாடியக் கழட்டிட்டு என்னையே பாத்துச்சு. "சார் திரும்பிப் போயிட்டாருன்னா அப்பறம் கொண்டு வர்றது கஷ்டம்மா"ன்னுது.

போனேன். நான்தான் போனேன், வேற யாரு போவாங்க? வெள்ளகோயில் தாண்டி உள்ளார, தென்ன நாரு காயப்போடற களம். கண்ணுக்கெட்டுன வரைக்கும் நாரு. புழுதி மூக்குல ஏறுது. அவ கவக்கோல் வெச்சு நாரக் கிண்டிட்டு இருந்தா. என்னையப் பாத்தா, நிறுத்தல.

"வாங்க, கூட்டிட்டுப் போறதுக்கு வந்திருக்கேன்"னேன்.

"யாரக் கூட்டிட்டுப் போறீங்க?"

"உங்களத்தான்."

"நான் யாருங்க உங்களுக்கு?"

புருசனோட அக்காள நாங்க நங்கையான்னுதான் கூப்புடறது. எனக்கு வாயில வரல. அவ கோல ஊனிட்டு நின்னா. அவளுக்கும் கோவம் வரும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

"எங்கம்மா சாகறப்ப அவனப் பாக்கோணும்னா. உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னேன். உங்க மாமியாரு நாய அவுத்து உட்டாங்க. அதுக்கப்பறம் இப்பத்தான் வந்தேன், நீங்க பின்வாசலக் காட்டுனீங்க. சாணி அள்றவளும் அந்த வழியாத்தான் வர்றா. தம்பியப் பாத்தாப் போதும்னு வந்தேன், இனி வர மாட்டேன். வேணும்னா அவன இங்க கொண்டாந்து உடுங்க. கஞ்சி ஊத்தி நான் பாத்துக்கறேன்."

நான் அந்த நாரு மேலயே உக்காந்துட்டேன். என் சேல என்ன வெல தெரியுங்களா? உக்காந்துட்டேன். "நங்கையா, அவரு சோறு திங்க மாட்டேங்கறாரு"ன்னேன். அவ கோல செவுத்துல சாத்தி வெச்சுட்டு, சேல மாத்திட்டு வந்தா.

முன்வாசல் வழியாத்தான் உள்ள வந்தா. இப்ப எங்கூட்டுலயே இருக்கறா. முன்னறையக் குடுத்திருக்கு. பொழுது விடிஞ்சா பாட்டு, பொழுது போனாப் பாட்டு. அதக் கேட்டுட்டு நான் துணி மடிச்சுட்டு இருக்கேன். எனக்கு அந்த ஊட்டுல என்ன வேலைன்னு சில நாளு எனக்கே தெரியறதில்ல.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. அத யாருகிட்டயும் சொல்லல. அவ சமையக்கட்டுல இருந்தா. நான் இவருக்கு முதுகு தொடச்சு விட்டுட்டு இருந்தேன். ரூமுல ரெண்டு பேருந்தான். என்ன தோணுச்சோ, அந்தக் குருவிப் பாட்ட நான் எடுத்தேன். எத்தன வருசத்துக்கப்பறம்? கொரலு கட்டிப் போச்சு, ஓட்டப் பானையில தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஓடு குருவி ஓடு குருவின்னு மொத அடி பாடுனேன்.

இவரு வெடுக்குனு திரும்பி என் வாயப் பொத்துனாரு. நல்லா இருக்கற கையில. நான் நெனச்சேன், பாத்தியா, அக்காள்னா இனிக்குது, நான்னா கசக்குதுன்னு. கையத் தட்டிவிடலாம்னு பாத்தா, அவரு என்னையப் பாக்கவே இல்லீங்க. வாசலப் பாத்துட்டு இருக்கறாரு. கண்ணு ரெண்டும் மெரண்டு போயி, யாரோ வர்றாங்கன்னு வாசலயே பாக்கறாரு. அறுபது தாண்டுன மனுசன். கிள்ளு வாங்கப் போற கொழந்தையாட்டம் தொடைய ஒடுக்கிக்கிட்டு, என் வாயப் பொத்தி, தலைய ஆட்டறாரு. வேண்டாம், பாடாத, வந்துருவாங்கன்னு.

மாமியார் போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சுங்க.

எனக்கு அப்ப வந்த கோவம் இருக்குது பாருங்க, அந்த மாதிரி என் ஆயுசுல வந்ததில்ல. அவரு கைய எடுத்து மடியில வெச்சேன். எந்திரிச்சுப் போயி ரூம் கதவ விரியத் தொறந்து வெச்சேன். ஹால் கதவையும் தொறந்து வெச்சேன். ஹால்ல மாமியார் படம் சந்தன மாலையோட தொங்குது. அதுக்கு முன்னாடி நின்னு, இருக்கற கொரல அவ்வளவும் கூட்டிப் பாடுனேன். ரோட்டுல போறவன் நின்னு பாத்திருப்பான். பாக்கட்டும்.

உள்ளார ஒரு சத்தமும் இல்ல. மறுபடி பாடுனேன். அப்பறம் கேட்டுச்சு, சன்னமா. நாளைக்கு வா, நாளைக்கு வா.

அது அவரு அக்காளுக்குப் பாடுனதில்லீங்க. எனக்குப் பாடுனது.

அவ அன்னிக்குச் சமையக்கட்டுலதான் இருந்தா. பாத்திரச் சத்தம் நின்னு போச்சு, கேட்டுட்டுத்தான் இருந்திருக்கா. எப்பவும் முந்திரிக்கொட்டையாட்டம் வந்து சேந்துக்கறவ, அன்னிக்கு வாயே தொறக்கல. வேணும்னுதான் தொறக்கலைன்னு எனக்குத் தெரியும். அதுக்காக அவளுக்கு நன்றியெல்லாம் சொல்லிட்டுத் திரிய முடியாது என்னால.